மட்டக்களப்பு, அம்பாறையில் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பிடிக்கும் முன்: கூலிக் கணக்கும் பதிவுக் கடதாசிகளும்

"சதுர அடிக்கு எவ்வளவு எடுப்பீங்க?" முதல்முறை பெயின்ட் வேலை கொடுப்பவர் எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மூன்று பாஸ்மாரிடம் (தலைமை வேலைக்காரரிடம்) கேட்டால் மூன்று விலை வரும். மூன்றுமே நேர்மையான விலையாக இருக்கலாம். ஒருவர் பழைய பெயின்டைச் சுரண்டி, தேய்த்து, பிறைமர் என்ற அடிப்பூச்சுப் போட்டு, இரண்டு கோட் அடிப்பதற்கு விலை சொல்கிறார். இன்னொருவர் தும்புத்தடியால் தூசி தட்டிவிட்டு இரண்டு கோட் அடிப்பதற்குச் சொல்கிறார். மூன்றாமவர் சொன்னது ஏணிக்கும் சாரக்கட்டுக்கும் சேர்த்த விலை. அந்த விலைக்குள் என்னென்ன வேலை அடங்குகிறது என்று தெரியாமல் இலக்கங்களை மட்டும் ஒப்பிட்டால் மலிவானதுதான் நல்லதாகத் தெரியும். அடுத்த மாரி முடிய அதே சுவர் மேலுரிந்து நிற்கும்.

கல்லடி தொடக்கம் பொத்துவில் வரை கடலோரம் இருப்பவர்களுக்கும், வாவிக் கரையில் இருப்பவர்களுக்கும், படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கத்திலும் வெள்ளம் ஏறும் காணிகளில் வீடு கட்டியவர்களுக்கும் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. மலைநாட்டு வீட்டுக்குச் சரிவரும் வேலை முறை உப்புக்காற்றுக்கும் நிலத்து ஈரத்துக்கும் தாங்காது.

லைசன்ஸ் வேண்டுமா?

தனி வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் பாஸிடம் அரச லைசன்ஸைக் காட்டச் சொல்லும் நடைமுறை இங்கே இல்லை. ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கடதாசிகள் சில உண்டு. ஒவ்வொன்றும் எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சியில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் நடக்கிறது. விண்ணப்பப் படிவம், தேசிய அடையாள அட்டைப் பிரதி, வியாபாரம் நடக்கும் இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைக் கொண்டு இது செய்யப்படும். இந்தப் பத்திரம் இருந்தால் ஆளின் பெயரும் முகவரியும் நிச்சயம். தொழில் தெரியுமா என்பதற்கு இது சாட்சியல்ல. கடையோ அலுவலகமோ வைத்து நடத்துபவர்களுக்கு மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் வருடாந்த வியாபார அனுமதியோ வரிச் சிட்டையோ இருக்கும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்தவர்கள் கம்பனிப் பதிவிலக்கத்தைக் காட்டுவார்கள்.

சீடா என்று எல்லாரும் சொல்லும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை, 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. இது ஒப்பந்தகாரர்களைத் தரம் பிரித்துப் பதிகிறது. சி வரிசையில் சி1 பெரிய தரம், எண் கூடக் கூட ஏற்கக்கூடிய வேலையின் பெறுமதி குறையும். பாடசாலை, ஆஸ்பத்திரி, அரச கட்டட வேலைக்குக் கேள்விப்பத்திரம் போட இந்தப் பதிவு கேட்பார்கள். மூன்று அறை வீட்டுக்கு சீடா பதிவு உள்ளவர்தான் வேண்டும் என்று தேடி அலையத் தேவையில்லை. இரண்டு மாடி வீடு, கலியாண மண்டபம், ஹோட்டல் என்றால் கேளுங்கள்.

தொழிலறிவுக்கு உண்மையில் சாட்சி சொல்வது என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். கட்டடப் பெயின்டர் தொழிலுக்கு இது கிடைக்கிறது. 4ஆம் மட்டம் தனியே நின்று வேலை செய்யக்கூடியவருக்கு உரியது. வருடக்கணக்காக வேலை செய்து பழகிய பாஸ்மார், படிப்பு எதுவும் புதிதாகப் படிக்காமல், முன்னனுபவத்தை மதிப்பிடும் முறையில் இதை எடுக்கலாம். நைட்டா என்ற பயிலுநர் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும். இந்தத் தொழிலில் புதிதாக இறங்கும் இளைஞர்களுக்குச் சொல்வது இதுதான்: முதலில் பிரதேச செயலகத்தில் பெயரைப் பதியுங்கள், அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறவுங்கள், அடுத்து என்.வி.கியூ எடுங்கள், செய்த வேலைகளின் பில்லையும் படத்தையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். சீடா பதிவுக்குப் போகும் நாளில் அந்தக் கோப்புத்தான் கை கொடுக்கும்.

நிரந்தரமாக ஆள் வைத்து வேலை செய்யும் ஒப்பந்தகாரரிடம் ஊழியர் சேமலாப நிதி இலக்கம் இருக்க வேண்டும். சம்பளத்தில் முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், அதோடு நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். இந்தச் செலவைக் கட்டுபவரின் விலை, கட்டாதவரின் விலையைவிட நிச்சயம் கூடுதலாக வரும். அந்த வித்தியாசத்தைப் பார்த்து அவரை ஒதுக்கிவிடாதீர்கள். ஏணியிலிருந்து ஒருவர் விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. 1934ஆம் ஆண்டு முதல் இருக்கும் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலை கொடுப்பவர் மீது பொறுப்பை வைக்கிறது. நாட்கூலிக்கு நீங்களே நேரடியாக ஆள் பிடித்தால், வேலை கொடுத்தவர் நீங்கள்தான் என்ற வாதம் எழும். ஒப்பந்தகாரர் மூலம் செய்தால், அவருடைய ஆட்களுக்கு அவரே பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள்.

பெறுமதி சேர் வரி என்று பில்லில் ஒரு வரி வந்தால் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வரி 18 வீதம். பதிவு இல்லாதவர் அதை அறவிட முடியாது.

வீட்டுக்காரர் எடுக்க வேண்டிய அனுமதி அநேகமாக எதுவுமில்லை. இருக்கும் சுவருக்கு மீண்டும் பெயின்ட் அடிக்கக் கட்டட அனுமதி தேவைப்படாது. வீதியோர வீடாக இருந்து சாரக்கட்டின் கால் வீதியிலோ நடைபாதையிலோ நிற்குமென்றால் சபையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மின்கம்பி சுவருக்குக் கிட்டப் போகிறதென்றால் அலுமினிய ஏணி வைக்க விடாதீர்கள். மின்சாரப் பிரச்சினைகளுக்கான 1987 இலக்கத்துக்கு எடுத்து, அந்தப் பக்கத்தில் எப்படி வேலை செய்வது என்று முதலில் கேளுங்கள்.

சுவரை நீங்களே அளவுங்கள்

பாஸ் அளந்து சொல்லும் கணக்கில் பிழை இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் உங்கள் கையில் ஒரு கணக்கு இருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். ஒரு அளவு நாடாவும் கொப்பியும் போதும்.

12 அடிக்கு 10 அடி அறை, சுவர் உயரம் 10 அடி. நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. 44 × 10 = 440 சதுர அடி. கதவு 3 × 7 = 21, யன்னல் 4 × 4 = 16. இரண்டையும் கழித்தால் 403 சதுர அடி. சீலிங் பலகைக்குப் பெயின்ட் என்றால் இன்னும் 120.

வெளிச்சுவருக்கும் அதே வழிதான். 30க்கு 30 அடி வீடு, உயரம் 10 அடி: 120 × 10 = 1,200. இரண்டு கதவுக்கு 42, எட்டு யன்னலுக்கு 128, ஆக 170 கழிந்தால் 1,030 சதுர அடி. முக்கோணச் சுவர், மதில், போர்ட்டிகோ தூண் எல்லாம் தனித்தனியே எழுதுங்கள். மதிலுக்கு இரண்டு பக்கமும், மேல் விளிம்பும் உண்டு.

விலை பேசும்போது 'ஸ்குயார்' என்றால் 100 சதுர அடி. கதவு யன்னல் இடைவெளியைக் கழிப்பார்களா மாட்டார்களா என்பதை அளக்கும் முன்பே கேட்க வேண்டும். சிலர் கழிக்காமல் முழுச் சுவரையும் எடுத்து, விளிம்பு வேலைக்குத் தனியே கேட்கமாட்டார்கள். சிலர் கழித்துவிட்டு, நிலைக்கும் கிறிலுக்கும் தனி விலை வைப்பார்கள். இரண்டு முறையும் சரியானவைதான். கழிக்காமலும் விட்டு, விளிம்புக்கும் தனியே கேட்டால்தான் இரட்டைக் கணக்கு.

பெயின்ட் எவ்வளவு போகும்

நன்றாகப் புட்டி (சுவரை மட்டமாக்கும் பசை) பூசித் தேய்த்த உள்சுவரில் ஒரு லீட்டர் எமல்ஷன் (தண்ணீர் கலக்கும் சுவர்ப் பெயின்ட்) ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி ஓடும். ரின்னில் இதைவிடக் கூடுதலாக எழுதியிருக்கும். அது வழுவழுப்பான பரப்புக்குச் சொல்லும் அளவு. கரடான சீமெந்துப் பூச்சு வெளிச்சுவரில் 80 என்று போடுவதுதான் பாதுகாப்பு.

மேலே சொன்ன அறைக்கு 403 × 2 கோட் ÷ 100 = 8 லீட்டர். இரண்டு 4 லீட்டர் ரின் சரியாகக் காணும், மிச்சம் இராது. அதே நிறத்தில் பக்கத்து அறையும் இருந்தால் 10 லீட்டர் வாளியும் இரண்டு 4 லீட்டரும் வாங்கினால் திருத்த வேலைக்கும் கொஞ்சம் மிஞ்சும். பெரிய வாளியில் லீட்டர் விலை குறைவு, அதனால் அறைக்கு ஒரு நிறம் என்று பிரிப்பது செலவைக் கூட்டும். வெளிச்சுவர் 1,030 × 2 ÷ 80 = 26 லீட்டர். பிறைமர் ஒரு கோட்டுக்கு 12 முதல் 13 லீட்டர். புதுச்சுவருக்கு முழுதாக இரண்டு தடவை புட்டி பூசினால் ஒரு கிலோ ஏறக்குறைய 10 சதுர அடிக்குப் போகும், 403 சதுர அடி அறைக்கு 40 கிலோ. பழைய சுவரில் வெடிப்பும் குழியும் மட்டும் அடைப்பதானால் அதில் ஒரு பங்குதான்.

கடும் சிவப்பு, கடும் நீலம், கடும் மஞ்சள் நிறங்கள் இரண்டு கோட்டில் மூடாது, மூன்றாவது வேண்டிவரும். எங்கள் வெயிலில் முதலில் மங்குவதும் அவைதான்.

சொன்ன விலையை நாளாக மாற்றிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதென்றால் இதைப் பின்பற்றுங்கள். பெயின்ட் கூலி என்பது கடைசியில் ஆட்களின் நாட்கள்தான். ஒரு பாஸும் ஒரு கையாளும் சேர்ந்து ஒரு நாளில், தரை மட்டத்திலிருந்து எட்டும் சுவரில், சுரண்டித் தேய்ப்பது 500 சதுர அடி, புட்டி ஒரு தடவை 300 முதல் 400, ரோலரில் ஒரு கோட் 700 என்று வைத்துக் கணக்குப் போடலாம். உயரம் கூடினால் வேகம் குறையும்.

1,030 சதுர அடி வெளிச்சுவருக்குச் சுரண்டல் 2 நாள், பிறைமர் 1½ நாள், இரண்டு கோட் 3 நாள். ஆக 6½ நாள். கணக்கின் வடிவத்தைக் காட்டுவதற்காகப் பாஸுக்கு 4,000, கையாளுக்கு 3,000 என்று வைப்போம். உங்கள் ஊரில் அன்று நடக்கும் கூலியை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சோடிக்கு நாளுக்கு 7,000, 6½ நாளுக்கு 45,500. ஏணி, பிரஷ், போக்குவரத்து, மேற்பார்வை, அவருடைய இலாபம் எல்லாவற்றுக்கும் 20 வீதம் கூட்டினால் 54,600. சதுர அடிக்கு 53 ரூபாய் வருகிறது.

அதே வேலையை ஒருவர் 25 ரூபாய்க்குச் செய்வதாகச் சொல்கிறார் என்று வையுங்கள். 1,030 × 25 = 25,750. ஒரு நாளுக்கு 7,000 என்றால் அது மூன்றே முக்கால் நாளுக்குக்கூடக் காணாது. இரண்டு கோட் அடிக்கவே 3 நாள் போய்விடும். சுரண்டலுக்கும் பிறைமருக்கும் மிஞ்சுவது முக்கால் நாளுக்கும் குறைவு. அவர் கெட்டவர் என்பதல்ல, அந்தக் காசுக்கு அந்த வேலை செய்ய முடியாது. எந்த வேலையை விடப்போகிறீர்கள் என்று நேரடியாகக் கேட்டால் நல்ல பாஸ் நேரடியாகவே பதில் சொல்வார்.

கூலி மட்டும் பேசுவதா, சாமானோடு பேசுவதா? புதியவர்களுக்குக் கூலி மட்டும் பேசுவதே நல்லது. பாஸிடம் சாமான் பட்டியலை எழுதி வாங்கி, ஹாட்வெயாரில் நீங்களே எடுங்கள். பில் கேட்டால் தர வேண்டியது கடைக்காரரின் கடமை. நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி வீட்டு வேலை செய்விப்பவர்களுக்கு மட்டும் சாமானோடு பேசுவது வசதி. அப்போது பெயின்டின் கம்பனி, வகை, நிறக் குறியீடு, லீட்டர் எல்லாம் ஒப்பந்தத்தில் வர வேண்டும். 'டியூலக்ஸ்' என்றோ 'நிப்பொன்' என்றோ மட்டும் எழுதினால் போதாது. ஒரே கம்பனியில் மலிவான உள்சுவர் எமல்ஷனும் இருக்கும், பல மடங்கு விலையில் வெளிச்சுவர் வகையும் இருக்கும்.

எந்த மாதத்தில் செய்வது

வெளிச்சுவர் வேலையை மாசி தொடக்கம் புரட்டாதிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசியில் மழை தொடங்கிவிட்டால் தை வரை சுவர் உள்ளே காயாது, மேலே காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் நம்பக்கூடாது. சித்திரை வருடப்பிறப்புக்கு முன், நோன்புப் பெருநாளுக்கு முன், ஊர்க்கோயில் திருவிழாவுக்கு முன் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். கூலி ஏறும், அவசரத்தில் கோட்டுக்குக் கோட் காயவிடும் நேரம் குறையும். அந்த வாரங்களைத் தவிர்த்துப் பேசினால் நல்ல பாஸும் கிடைப்பார், விலையும் இறங்கும்.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் வேறொரு சிக்கல். ரோலர் அடுத்த வரிக்கு வருமுன் முந்திய வரி காய்ந்துவிடும், சுவரெல்லாம் கோடு கோடாகத் தெரியும். நிழலைத் தொடர்ந்து வேலை செய்தால் இது வராது: காலையில் மேற்குச் சுவர், பின்னேரம் கிழக்குச் சுவர். கை வைத்தால் சுடும் சுவரில் பெயின்ட் வைக்க வேண்டாம்.

விலை பேசும் முன் சுவரைச் சோதியுங்கள்

கையைச் சுவரில் அழுத்தித் தேயுங்கள். உள்ளங்கையில் சோக்குத் தூள் மாதிரி ஒட்டினால் பழைய பெயின்ட் உதிர்கிறது, அல்லது கீழே சுண்ணாம்பு இருக்கிறது. பழைய வீடுகளில் இது அதிகம். சுண்ணாம்புக்கு மேல் நேரே எமல்ஷன் அடித்தால் அது சுவரைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும், ஒரு மழைக்குப் பிறகு பாளம் பாளமாக வரும். முழுதாகச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, அதற்குரிய பிறைமரைப் போட வேண்டும்.

பிளேட்டால் சின்னச் சின்னக் கட்டமாகக் கீறி, ஒட்டும் டேப்பை அழுத்தி, சடக்கென்று இழுங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால் அதற்கு மேல் எதை அடித்தாலும் சேர்ந்தே விழும்.

ஈரத்துக்கு, ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் ஆயத்தமில்லை. புதிதாகப் பூசிய சுவரென்றால் குறைந்தது 28 நாள். பூச்சு முற்றுமுன் அடித்தால் சீமெந்தின் காரம் நிறத்தைத் தின்றுவிடும், திட்டுத் திட்டாக வெளிறும். வெள்ளம் ஏறி இறங்கிய வீட்டுக்கு நாள் கணக்கு எதுவும் சொல்ல முடியாது, பொலித்தீன் சோதனைதான் தீர்ப்பு.

எங்கள் பக்கத்தில் காசை அதிகம் தின்னும் குறை, சுவரின் அடிப்பகுதியில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு வெள்ளையாகப் பூக்கும் உப்பு. அத்திவாரத்தில் ஈரத்தடுப்பு இல்லாத வீடுகளிலும், உவர் மணலில் பூசிய சுவர்களிலும், மாரியில் வளவுக்குள் தண்ணீர் நிற்கும் இடங்களிலும் இது வரும். நிலத்து நீர் கல்லுக்குள்ளால் ஏறுகிறது, வெளியே வந்து காய்கிறது, கொண்டுவந்த உப்பைப் பெயின்டுக்கு அடியில் விட்டுப் போகிறது. அந்த உப்பு பருத்துப் பெயின்டைத் தள்ளுகிறது. இதற்கு மேல் விலை கூடிய 'வெதர்' பெயின்ட் (மழை வெயில் தாங்கும் வெளிச்சுவர் வகை) அடித்தால் ஈரம் வெளியேறும் வழியும் அடைபடும், கொப்புளம் பெரிதாகும், சில நேரம் உள்சுவரால் வெளியே வரும். செய்ய வேண்டியது மேசன் வேலை: ஈரம் ஏறிய உயரத்துக்கு மேலும் ஓரடி வரை பூச்சை உடைத்தெடுத்து, கல்லை வயர் பிரஷால் உலர்வாகத் தட்டி, வெயில் காலத்தில் காயவிட்டு, கழுவிய ஆற்று மணலும் நீர்த்தடுப்புக் கலவையும் சேர்த்த சீமெந்தால் மறுபடி பூச வேண்டும். வளவுத் தண்ணீர் ஓட வழியும் வெட்ட வேண்டும். பெயின்ட் இதற்கெல்லாம் பிறகுதான். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், கரைந்து திரும்ப உள்ளே போகும்.

ஒரு பக்கத்தில் ஒப்பந்தம்

சாதாரணக் கடதாசி போதும். இரு தரப்பின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, இரண்டு சாட்சி. வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம். சட்டமும் எழுத்துக்குத்தான் கூடுதல் காலம் கொடுக்கிறது: எழுதிய ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட 6 வருடம், எழுதாததற்கு 3 வருடம். இது பாஸுக்கும் பாதுகாப்பு. எழுத வேண்டியவை:

1. எந்தச் சுவர்கள், எத்தனை சதுர அடி, இடைவெளி கழித்ததா இல்லையா.
2. ஆயத்த வேலை ஒவ்வொன்றும் பெயர் சொல்லி: கழுவுதல், சுரண்டுதல், வெடிப்பு அடைத்தல், புட்டி எத்தனை தடவை, தேய்த்தல், பிறைமர்.
3. பெயின்ட் வகை, நிறக் குறியீடு, எத்தனை கோட், தண்ணீர் எவ்வளவு.
4. சாரக்கட்டு வாடகை யாருடையது. வேலை இழுபட்டால் கூடும் நாள் வாடகை யாருடையது.
5. தொடங்கும் நாள், முடியும் நாள், மழை நாளை எப்படிக் கணக்கெடுப்பது.
6. எத்தனை பேர் வருவார்கள், சாப்பாடு, தேத்தண்ணி யார் பொறுப்பு.
7. தரையில், யன்னல் கண்ணாடியில் பட்ட பெயின்டைத் துடைப்பது யார்.
8. கொடுப்பனவு.

கொடுப்பனவைப் பிரிப்பதற்கு ஒரு நடைமுறை: தொடங்கும்போது 15 வீதம், ஆயத்த வேலையும் பிறைமரும் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு 35, முதல் கோட் முடிய 25, எல்லாம் முடிய 15, மீதி 10 வீதம் முதல் பெருமழைக்குப் பிறகு. அந்தக் கடைசிப் பத்தை ஒத்துக்கொள்ள எல்லாரும் விரும்பமாட்டார்கள், நாட்கூலியில் வாழ்பவருக்கு அது பாரம்தான். அப்படியானால் ஐந்தாகக் குறையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். பாதிக் காசை முற்பணமாகக் கேட்பவருக்கு வேறெங்கோ ஒரு வேலை பாதியில் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வது நல்லது.

வேலை நடக்கும்போது எங்கே நிற்பது

எல்லா நாளும் காவல் நிற்க வேண்டியதில்லை. மூன்று நேரங்களில் கட்டாயம் நில்லுங்கள்.

ஒன்று, பிறைமருக்கு முன். பாசி பிடித்த சுவரில் ஒரு பங்கு குளோரின் வெளிற்றித் திரவத்துக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து பூசி, 20 நிமிடம் விட்டு, தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். பாசி உயிரோடிருக்க மேலே பெயின்ட் அடித்தால் அதே இடத்தில் கறுப்பாகத் திரும்ப வரும். கையுறை போடாமல் இதைத் தொடக்கூடாது, கழிவறை கழுவும் அமிலத்தோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். கடற்பக்கச் சுவரை பாசி இல்லாவிட்டாலும் நல்ல தண்ணீரால் கழுவி, கடற்காற்றால் மேலே படிந்த உப்பைப் போக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவரென்றால் அதனால் கழுவிப் பயனில்லை. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை உலர்வாகத் தேய்க்கவோ வயர் பிரஷ் போடவோ விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. மிகப் பழைய எனமலையும் (எண்ணெய்ப் பெயின்டையும்) ஈரமாக்கித்தான் தேய்க்க வேண்டும், அதில் ஈயம் இருக்கலாம். பிள்ளைகளை அந்த இடத்தில் விளையாட விட வேண்டாம்.

இரண்டு, ரின் உடைக்கும்போது. மூடியின் முத்திரை உங்கள் முன்னால் உடைய வேண்டும். ஒரே நிறம் மூன்று ரின்னில் இருந்தால் மூன்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள், ரின்னுக்கு ரின் நிறம் சற்று மாறும், சுவர் நடுவில் அந்த மாற்றம் தெரியும். தண்ணீர் அளவு ரின்னில் எழுதியிருக்கும். பெரும்பாலும் முதல் கோட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக, இரண்டாவதுக்குக் குறைவாக. அளவுக் கோப்பையால் அளந்து விட வேண்டும், குழாயைத் திறந்து விடக்கூடாது. தண்ணீர் கூடினால் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும், ஒரு வருடத்தில் தூளாக உதிரும். வெறும் ரின்களைக் கடைசி வரை எறியாமல் வைத்து எண்ணுங்கள். 26 லீட்டர் போக வேண்டிய சுவரில் 16 லீட்டர் போயிருந்தால் இரண்டாவது கோட் எங்கேயோ விடுபட்டிருக்கிறது, அல்லது தண்ணீர் கூடியிருக்கிறது.

மூன்று, முதல் கோட் காய்ந்த பிறகு. எமல்ஷனுக்குக் கோட்டுக்குக் கோட் இரண்டு முதல் நான்கு மணித்தியாலம், எனமலுக்கு ஒரு இரவு. ஒரு டோர்ச்சைச் சுவரோடு சேர்த்துப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் புட்டி மேடு, தேய்க்காத இடம் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். இந்த நேரத்தில் திருத்தினால் செலவில்லை.

இரும்புக் கிறிலும் கேற்றும் கடற்காற்றில் சுவரைவிட முதலில் போகும். துருவை வயர் பிரஷால் உலோகம் தெரியுமட்டும் எடுத்து, நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்த அன்றே துருத்தடுப்புப் பிறைமர் போட வேண்டும். ஒரு இரவு விட்டால் திரும்பவும் மெல்லிய துரு பிடித்துவிடும். ஒட்டு வைத்த மூலைகளுக்கு ரோலர் எட்டாது, சிறிய பிரஷால் தனியே ஒரு கை கூடுதலாகப் பூச வேண்டும். துரு அங்கேதான் தொடங்கும்.

பிணக்கு வந்தால்

முதலில் படம் எடுங்கள்: முழுச் சுவர் ஒன்று, குறை உள்ள இடம் கிட்ட ஒன்று, திகதியோடு. பாஸைக் கூப்பிட்டு அந்த இடத்தைப் பிளேட்டால் சுரண்டிச் சேர்ந்து பாருங்கள். பெயின்ட் பழைய படையோடு சேர்ந்து வந்தால் சுரண்டல் குறை, அவர் திருத்த வேண்டும். அடியில் ஈரமும் வெள்ளை உப்பும் இருந்தால் அது சுவரின் குறை, அதை அவர் முன்பே சொல்லியும் நீங்கள் அடிக்கச் சொல்லியிருந்தால் செலவு உங்களுடையது. பேசித் தீராவிட்டால் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்கு எழுதுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இந்தச் சபைகளில் சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை. ஒப்பந்தம், பில்கள், படங்கள், காசு கொடுத்த ரசீதுகள் ஆகியவற்றை ஒரு உறையில் போட்டுக் கொண்டுபோங்கள்.